சைனஸ்: சளியின் நிறத்தை விடுங்கள், நாட்களை எண்ணுங்கள்

மூக்கைச் சிந்தும்போது சளி பச்சையாக வந்ததும் "இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு" என்று மெடிக்கலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பச்சை, கிருமியை எதிர்க்கத் திரண்ட வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் மூன்று நான்கு நாளில் அது வரும். சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. அதில் வரும் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடக்கூடத் தொடாது.

பார்க்க வேண்டியது நாட்கணக்கை. வைரஸ் சளி 7 முதல் 10 நாளில் தானாக வடிந்துவிடும். 10 நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையாமல் இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். 102 டிகிரி காய்ச்சலும் கெட்டிச் சளியும் கன்ன வலியும் சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தாலும் அப்படியே. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: நன்றாகக் குறைந்து வந்த சளி ஐந்தாறு நாளில் திரும்பவும் முற்றுவது. ஆன்டிபயாடிக் தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டிய கட்டங்கள் இந்த மூன்றும்தான். அப்போதும் அவர் முதலில் நினைப்பது பெரும்பாலும் அமாக்ஸிசிலின் வகையைத்தான்.

தொற்றே இல்லாமல் "எனக்கு சைனஸ்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது இதைவிடப் பரவலான தவறு. வெயிலில் அலைந்தால், சாப்பாடு தள்ளிப்போனால், தூக்கம் கெட்டால் தலைவலி வருகிறதா? கூடவே குமட்டல், வெளிச்சம் பட்டால் எரிச்சல்? அது அநேகமாக மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், நீர் வடியும், கன்னம் கனக்கும், குழப்பம் அங்கேதான். தலைக்குக் குளித்ததும் "நீர் கோத்துக்கிச்சு" என்று நீர்க்கோவை மாத்திரையை உரசிப் பற்றுப் போடுகிறோம். குளித்த நீர் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகாது. ஆனால் தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டும் என்பதை இந்திய மருத்துவர்கள் ஆய்விதழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டி கவனித்தது சரி, காரணம்தான் வேறு.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து அடுத்த பொறி. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் இரண்டும் நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அதனால்தான் ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. பாட்டில் இல்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வந்தவர்கள், சைனஸ் முற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

மூக்கின் உள்வீக்கத்தைக் குறைக்க டாக்டர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே விஷயத்தில் நேர் எதிர்: பெயரைக் கேட்டே பயந்து இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறோம். அது முழுதாக வேலை செய்ய ஓரிரு வாரம்கூட ஆகும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், முனை இரு துவாரங்களுக்கும் இடையிலுள்ள நடுத்தண்டைப் பார்க்காமல் கண்ணின் வெளியோரத்தைப் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், தண்ணீரில்தான் கவனம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் நேரடியாகக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளச் செய்திகளில் படிக்கிறோமே, அது நுழையும் வழி மூக்குதான். கொதிக்கவைத்து ஆறிய கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு போதும்.

ஆவி பிடித்தால் இதமாக இருக்கும், நோய் தீராது. பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தோடு போர்வைக்குள் உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம்.

நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமெடுத்த சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வேர் கன்ன சைனஸை ஒட்டியிருக்கிறது. குழந்தைக்கு அப்படி என்றால் மூக்கில் மணியோ புளியங்கொட்டையோ இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முகம் மரத்துப்போனாலோ மூக்கில் கறுப்பாகப் பொருக்குத் தட்டினாலோ, 2021-இல் கொரோனாவுக்குப் பின் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்த கரும்பூஞ்சையாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரி என்றும் பாராமல் கிளம்புங்கள்.