வயலில் சீனி இறங்கினால்

இன்சுலின் ஊசி போடுகிறவர் வீட்டில் இருந்தால், இரத்தத்தில் சீனி இறங்கும்போது என்ன செய்வதென்று வீட்டார் எல்லோரும் பழகவேண்டும். வயலில் நிற்கிறபோது டொக்டர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

எங்கள் வயல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிறது. என் வீட்டுக்காரர் காலையில் ஊசி போட்டு, புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு இறங்குவார். சலரோகம் (நீரிழிவு) இல்லாதவர் உடம்பில் சீனி குறையத் தொடங்கியதும் கணையம், சீனியை இறக்குகிற இன்சுலினைக் குறைத்து, குளுக்ககன் என்ற ஓமோனைக் கூட்டும். அது ஈரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக இரத்தத்துக்குத் தரும். ஊசியால் போன இன்சுலினைக் கணையத்தால் குறைக்க முடியாது. மண்வெட்டி பிடிக்கிற தசையும் குளுக்கோஸை இழுத்துக்கொண்டிருக்கும்.

அப்போது அட்ரினலின் என்ற ஓமோன் சுரக்கும். கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் வியர்ப்பதும் அதனால்தான். ஆனால் வன்னி வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கும், அதை நம்பி இருக்காதீர்கள். பேச்சுக் குளறுகிறதா, காரணமில்லாமல் சினக்கிறாரா என்று பாருங்கள். மூளைக்குக் குளுக்கோஸ் போதவில்லை என்று அர்த்தம். கனகாலம் சலரோகம் உள்ளவர்களுக்கு நடுக்கம் தெரியாமலே இறங்கிவிடும்.

சீனி பார்க்கிற மெசின் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் இறக்கம்தான். மெசின் இல்லாவிட்டாலும் யோசித்து நிற்கவேண்டாம், நிறைந்த 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து நிழலில் இருத்துங்கள். 15 நிமிடத்தில் சரிவரவில்லையா, இன்னொரு தரம் அதே அளவு கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். தெளிந்தபிறகு சோறோ பாணோ கட்டாயம் சாப்பிடவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு போன் அடியுங்கள்.

அப்புறம் கள்ளு. மதுவைக் கையாளுகிற நேரத்தில் ஈரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வது குறைந்துபோகும். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு குடித்தவருக்கு இரவு நித்திரையிலேயே சீனி இறங்கலாம். இந்த விஷயத்தில் நான் இவருக்கு விட்டுக்கொடுப்பதே இல்லை.

சீனிப் பொட்டலம் எங்கே இருக்கிறதென்று கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அடிக்கடி இறங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள். ஊசியின் அளவை அவர்கள்தான் மாற்றவேண்டும்.