காப்பித் தோட்டத்துக்கு டிஜிட்டல் மைக்ராஸ்கோப்: வாங்குவதும் பார்ப்பதும்

பெட்டியில் "1000 மடங்கு" என்று போட்டிருப்பதை நம்பி மைக்ராஸ்கோப் வாங்காதீர்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னதாக அரபிக்கா தோட்டம் வைத்திருக்கிறேன். காய்த்துளைப்பான் (போரர்) வண்டையும் இலைத்துரு என்ற பூஞ்சண நோயையும் பார்க்க 30 முதல் 60 மடங்கு தாராளம். மிச்சக் காசை நல்ல ஸ்டாண்டில் போடுங்கள். கூட வரும் பிளாஸ்டிக் ஸ்டாண்டு மூச்சு விட்டாலே ஆடும். கனமான அடித்தட்டும், திருகினால் மேலும் கீழும் நகரும் தண்டும் இருக்க வேண்டும்.

உண்மையில் எத்தனை மடங்கு என்று தெரிய இரும்பு ஸ்கேல் போதும். அதை லென்சுக்கு அடியில் வையுங்கள். அதன் 2 மி.மீ. திரையில் 20 செ.மீ. அகலத்துக்கு வந்தால் 100 மடங்கு. பெரிய டிவியில் போட்டால் மடங்கு கூடும், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியாது. ஸ்கேலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஜூமை மாற்றாமல் வண்டையும் எடுங்கள். 1 மி.மீ. 400 பிக்சல், வண்டு 640 பிக்சல் என்றால் அது 1.6 மி.மீ. நீளம்.

போனோடு ஓடிஜி கேபிளில் இணைத்தால் மலையில் கரண்ட் போனாலும் கவலையில்லை. படம் எடுக்க மைக்ராஸ்கோப்பில் உள்ள பொத்தானைத் தொடாதீர்கள், அசைந்துவிடும். போன் திரையில் தட்டுங்கள்.

பாதி வேலை வெளிச்சத்தில்தான். பழுத்த காய் பளபளக்கும். எல்இடியை முழுதாக வைத்தால் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். அதைக் குறைத்துவிட்டு, சுற்றிலும் டிரேசிங் பேப்பரைச் சுருட்டி வையுங்கள். அப்புறம் பக்கவாட்டில் ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். காயில் இருப்பது வெறும் கறையா, வண்டு போட்ட துளையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

துளையைக் காம்புக்கு எதிர்முனையில், பூ உதிர்ந்த இடத்தில் தேடுங்கள். குண்டூசி குத்தினாற்போல இருக்கும், சிலசமயம் ஓரத்தில் தூள் தள்ளியிருக்கும். பிளேடால் காயைப் பிளந்தால் 2 மி.மீ.க்கும் குறைவான கறுப்பு வண்டு தெரியும்; அது பெண். ஆண் இன்னும் சிறியது, பறக்காது, காய்க்குள்ளேயே காலம் தள்ளும். பக்கத்தில் வெள்ளைப் புழுக்களும் இருக்கலாம். காய் பறிக்க வரும் அக்காக்கள் இதெல்லாம் இல்லாமலே, "இது போரர் காயிங்க" என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்கள். ஆனால் வண்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்க லென்ஸ் வேண்டும். அப்படிப் பூத்திருந்தால், வண்டைக் கொல்ல மருந்தாகத் தெளிக்கும் பேவேரியா பூஞ்சணம் அதைப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் அதைத் தெளித்திருந்தால், மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு வண்டு இருக்கும் காய்களைக் கொதிக்கும் நீரில் 2, 3 நிமிடம் முக்கி எடுங்கள். கீழே உதிர்ந்த காய்களையும் பொறுக்கிவிட வேண்டும், அடுத்த பருவத்துக்கு வண்டு அதிலிருந்துதான் கிளம்பும்.

துருவுக்கு இலையைத் திருப்பிப் போட்டு, விளிம்புகளைக் கிளிப்பால் அமுக்குங்கள். இலை வளைந்திருந்தால் பாதி இடம் மங்கலாகத்தான் வரும். துருவின் ஆரஞ்சுத் தூளுக்கு மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது துருவையே தின்னும் வேறொரு பூஞ்சணமாக இருக்கலாம். துருவின் வித்து ஒவ்வொன்றும் சுமார் 0.03 மி.மீ. நம் கருவியில் மணி மணியாகத் தெரியும், வடிவம் தெரியாது. சந்தேகம் இருந்தால் இலையைக் காகித உறையில் போட்டு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

எனக்கு இதில் அதிகம் பயன்படுவது மருந்து அடித்த பிறகுதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை காய்ந்ததும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீலத் திட்டுகள் நெருக்கமாக இருந்தால் சரி. மேல்பக்கம் மட்டும் நீலமாக இருந்தால் கூலி வீண்; துரு நுழைவது அடியில்தான்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் பற்றவைத்த இடத்தில் கீறல் பார்க்கவும், வெண்பட்டில் இழை எண்ணவும், போன் சர்வீஸ் கடையில் போர்டைப் பார்க்கவும் இது மாதிரிக் கருவிதான் உதவும். ஆனால் அவர்களுக்கு லென்சுக்கும் பொருளுக்கும் நடுவே கை நுழைய இடம் வேண்டும், அதனால் வேறு மாடல் பார்க்க வேண்டும்.

நம்மூர் மூட்டத்தில் லென்ஸ் வேர்க்கும். வெளியிலிருந்து கொண்டுவந்தவுடன் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். இல்லையென்றால் லென்சிலேயே பூஞ்சணம் பிடிக்கும்.