வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது விட்டுப்போகும் காகிதம்: ஹெபடைடிஸ் பி விஷயத்தில் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கண் மஞ்சளாக இல்லை, நன்றாகப் பசிக்கிறது, எனக்கு எப்படிக் காமாலை வரும்?" ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் பல பெண்கள் கேட்கும் கேள்வி இது. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே. ஹெபடைடிஸ் பி வைரஸ் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும், முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். முதல் பிரசவத்தில் 'இல்லை' என்று வந்தது இரண்டாவதற்குச் செல்லாது.

அடுத்த குழப்பம் 'பாசிட்டிவ்' என்ற சொல்லில் இருக்கிறது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது பாசிட்டிவ் என்றால் உடலில் கிருமி இருக்கிறது. ஆன்டி எச்.பி.எஸ். என்பது அதை எதிர்க்க உடல் உருவாக்கிய ஆன்டிபாடி. அது பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி. மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்கிறார்கள். பெயரில் இவ்வளவு ஒற்றுமை இருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது! எது பாசிட்டிவ் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறாமல் அழுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு.

இரண்டுமே நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் 'கிருமி இல்லை, எதிர்ப்பும் இல்லை' என்று பொருள். இதைப் பலர் 'எனக்கு வராது' என்று படித்துக்கொள்கிறார்கள். இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002-03இல் சில இடங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுவதும் வந்தது. இன்று கர்ப்பமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டாலும் ஆபத்தில்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. ஆனால் ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்கு, அதிலுள்ள புரதமே எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று காட்டிவிடக்கூடும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. பரிசோதனை புகுந்த வீட்டு ஊரில் நடக்கிறது. பிரசவம் தாய் வீட்டு ஊரில். வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது வளையல், புடவை, பலகாரம் எல்லாம் பெட்டியில் ஏறும். ரத்தப் பரிசோதனைக் காகிதம் பீரோவிலேயே கிடக்கும். நள்ளிரவில் வலி எடுத்துப் புதிய மருத்துவமனைக்குப் போனால், அங்குள்ளவர்களுக்கு எதுவும் தெரியாது. தொற்றுள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் (ஆயத்தமான ஆன்டிபாடிகளைத் தரும் ஊசி) போட வேண்டும். இரண்டாவது ஊசி எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. முன்கூட்டியே சொன்னால்தான் வரவழைத்து வைப்பார்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நாள்பட்ட நோயாகிறது. பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். தாய்க்கு எச்.பி.இ.ஏ.ஜி.யும் (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் இன்னொரு புரதம்) பாசிட்டிவாக இருந்து, குழந்தைக்கு எந்தத் தடுப்பும் செய்யாவிட்டால், தொற்றும் வாய்ப்பு 70 முதல் 90 சதவீதம். முதல் ஊசி எல்லாக் குழந்தைகளுக்குமே உரியது என்பதால் 'ஆறாவது வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

வைரஸ் அளவைப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். அது மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ, பொதுவாக 28ஆம் வாரம் முதல் வைரஸ் அளவைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருகிறார்கள். பிரசவத்துக்குப் பின் மருத்துவரைக் கேட்காமல் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரென்று ஏறும்.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான சென்னை ஆய்வு ஒன்று, அது வைரஸை விரட்டுவதாகப் பெரும் நம்பிக்கை தந்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீரையாகவோ மோரில் கலந்தோ சாப்பிட்டால் காமாலை போகும் என்ற பெயரை வைத்து, மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிக்காதீர்கள்.

சில தவறுகள் வீட்டாரால் வருகின்றன. தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பது வீண் கொடுமை. சாப்பாட்டால் இது பரவாது. ரேசர், பல்துலக்கி, நகவெட்டி இவைதான் தனித்தனியாக இருக்க வேண்டும். பால் கொடுக்காதே என்பதும் தவறு. குழந்தைக்கு ஊசி போட்டபின் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. மருமகளைத் தனி அறைக்கு அனுப்பும் வீடுகளில் கணவரைப் பரிசோதனைக்கு அனுப்ப மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. அவரும் மூத்த பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கான கடைசித் தடுப்பூசி 14ஆம் வாரத்தில் முடிந்ததும் பலர் மறந்துவிடுகிறார்கள். தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி எச்.பி.எஸ். இரண்டையும் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் பிறந்தபோது போட்ட இம்யூனோகுளோபுலினே குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல் போலத் தோன்றும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குப் போகும்போதே இதையும் கேளுங்கள்.