டயோடை உடனே சால்டர் செய்யாதீர்கள்

வீட்டில் கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் கட்டுகிறீர்களா? ஒலி அலையின் உச்சியை வெட்டும் கிளிப்பிங் டயோடுகள் இரண்டுக்கும் பதிலாக, அந்த இடத்தில் 8 பின் ஐசி சாக்கெட்டைச் சால்டர் செய்யுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்தான். அப்புறம் டயோடுகளை எதிரெதிர் திசையில் செருகி வாசித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பிடுங்கி மாற்றலாம். திரும்பத் திரும்பச் சூடு வைத்தால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும், அந்தத் தொல்லை இல்லை.

1என்4148 என்ற சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் அலையை வெட்டும், ஜெர்மானியம் டயோடு 0.3 வாக்கில். சிவப்பு எல்இடி கிட்டத்தட்ட 1.8 வரை விட்டுவிடும். சத்தம் கூடும், கரகரப்பு குறையும். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் 4148, இதுதான் எனக்குப் பிடித்தது.

டயோடே இல்லாமல், டிரான்சிஸ்டரே அலையை வெட்டும் ஃபஸ் வகை பெடல் சர்க்யூட்டுக்கு இது உதவாது. கச்சேரிக்கு எடுத்துப்போகும் பெடல் என்றால், முடிவானதும் சால்டர் செய்துவிடுங்கள். ஷேர் ஆட்டோ குலுக்கலில் டயோடு கழன்றுவிடும்.