கராஜில் பாம்பா? நிறத்தை நம்பாதீர்கள்

பிரிஸ்பேனில் எங்கள் கராஜ் கூரைச் சட்டத்தில் முதன்முதலில் பாம்பைப் பார்த்தபோது கை நடுங்கியது. தடித்த உடல், கம்பளம் போன்ற திட்டுகள், கழுத்தைவிட அகன்ற தலை: கார்பெட் பைத்தான் என்ற மலைப்பாம்பு. விஷமில்லை, ஆனால் கடித்தால் ரத்தம் வரும். மெலிந்த உடல், பெரிய கண், மஞ்சள் வயிறு என்றால் பெரும்பாலும் மரப்பாம்பு.

பயப்பட வேண்டியது ஈஸ்டர்ன் பிரவுன் என்ற கொடிய விஷப்பாம்புக்குத்தான். பெயர்தான் பிரவுன், வெளிர்பழுப்பு முதல் கறுப்புவரை இருக்கும். தலையும் கழுத்தும் ஒரே அகலமாகத் தெரியும். வெளிறிய வயிற்றில் ஆரஞ்சுப் புள்ளிகள். குட்டிக்குத் தலையில் கறுப்புத் திட்டு, பிடரியில் பட்டை. சிலவற்றுக்கு உடல் முழுக்க வளையங்கள். குட்டிதானே என்று கிட்டே போகாதீர்கள், அதற்கும் விஷம் உண்டு.

தள்ளி நின்று போனில் ஜூம் செய்து படமெடுங்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கழுவாதீர்கள், அந்தக் கையோ காலோ முழுக்க அழுத்திக் கட்டி, அசையாமல் வைத்து, உடனே ஆஸ்திரேலிய அவசர எண் 000-ஐ அழையுங்கள்.