கொழும்புக்கு முதன்முறை வருகிறீர்களா? ஏமாறாமல் சுற்றிப் பார்க்க ஒரு செய்முறை

கொழும்பில் வெளியூர்ப் பயணிகள் பணம் இழக்கும் விதங்கள் பல. ஆனால் அநேகமாக எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஏற்பாடு: தரகு. உங்களைக் கடைக்கு அழைத்துப்போகிறவருக்குக் கடைக்காரர் ஒரு பங்கு கொடுக்கிறார். அந்தப் பங்கு நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஏறிக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் படிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் தமிழர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு கண்ணியும் உண்டு. பாங்கொக் தெருவில் அறியாத ஒருவர் வலிய வந்து பேசினால் மனம் உடனே உஷாராகும். கொழும்பின் கடற்கரைத் திடலான காலிமுகத்திடலில் ஒருவர் "வாங்கோ, எந்த ஊர்?" என்று கேட்டால் அந்த எச்சரிக்கை கரைந்துவிடுகிறது. அன்பாகக் கேட்கிறவர்களே அதிகம் என்பதால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு அது கைகொடுக்கிறது.

ஆகவே முதலில் ஒரு பழக்கம். தானாகத் தேடி வந்து வழி சொல்பவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் அவர் சொன்ன திசையில் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டிய ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள். மருந்துக்கடைக்காரர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மா, கோவில் வாசலில் பூ விற்பவர், யாராக இருந்தாலும் சரி. நீங்கள் எங்கே போனாலும் அவர்களுக்குப் பங்கு எதுவும் வரப்போவதில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று நகரத்தின் பெரும்பகுதியில் தமிழிலேயே கேட்டு விசாரிக்கலாம். வேறு நாட்டுப் பயணிகளுக்குக் கிடைக்காத வசதி இது.

படி 1: விசாவை அரசின் தளத்திலேயே எடுங்கள்

இலங்கைக்கு வருவதற்கான மின்னணுப் பயண அனுமதியைத் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கூடுதல் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: "கவ் டாட் எல்கே (.gov.lk)" என்று முடிந்தால் மட்டுமே அது இலங்கை அரசின் தளம். கட்டணமும் சலுகைகளும் நாட்டுக்கு நாடு வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். உறவினர் போன வருடம் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாமல் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

படி 2: பணம்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வருகைப் பகுதியிலேயே வங்கிகளின் நாணயமாற்று முகப்புகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்றின் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, முதல் இரண்டு நாட்களுக்குத் தேவையானதை மாற்றுங்கள். மீதியை நகரில் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடைகளில் மாற்றலாம். கோட்டைப் பகுதியிலும் வெள்ளவத்தை காலி வீதியிலும் அவை நிறைய உள்ளன. தெருவில் நின்று "கூட விலை தருகிறேன்" என்று அழைப்பவரிடம் ஒருபோதும் மாற்றாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். திரும்பிப் போகும்போது மிஞ்சிய ரூபாயை மாற்ற அதைக் கேட்பார்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் ரூபாய்தான், ஆனால் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் அதிகமான இலங்கை ரூபாய் கிடைக்கும். "ஐந்நூறு" என்று பேசி முடித்துவிட்டு, இறங்கும்போது "நான் சொன்னது இந்தியக் காசு" என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் சாட்சி இருக்காது. பேரம் பேசும்போதே "இலங்கை ரூபாயா?" என்று கேட்டுவிடுங்கள்.

500 ரூபாய்க்கும் 5000 ரூபாய்க்கும் நடுவே ஒரு பூச்சியம்தான் வேறுபாடு. இருட்டில், அவசரத்தில், கொடுத்த 5000 மறைந்து "நீங்கள் தந்தது 500" என்றாகிவிடலாம். பெரிய தாளை நீட்டும்போது "இதோ ஐயாயிரம்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சில்லறைத் தாள்கள் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அட்டையில் கட்டும்போது இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்கக்கூடும். இலங்கை ரூபாயையே தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை இயந்திரத்தை நடத்தும் நிறுவனம் வைக்கும், அது உங்களுக்குச் சாதகமாக இருப்பது அரிது.

படி 3: விமான நிலையத்திலிருந்து நகருக்கு

விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வெளியே வந்ததும் பலர் சூழ்ந்துகொள்வார்கள். கட்டடத்துக்கு உள்ளேயே விலை எழுதிய டாக்ஸி முகப்புகள் உண்டு. பிக்மீ, ஊபர் ஆகிய இரண்டு செயலிகளும் வேலை செய்கின்றன. செலவைக் குறைக்க விரும்பினால் 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது. எதில் போனாலும், அதிவேகப் பாதைக் கட்டணம் உள்ளே அடங்கியதா, தனியா என்பதை ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்.

போகும் வழியில் ஓட்டுநர், "அந்த ஹோட்டல் மூடிவிட்டார்கள், இதைவிட நல்ல இடம் தெரியும்" என்று சொன்னால், அவர் எதிரிலேயே ஹோட்டலுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இதற்காகவே ஹோட்டல் எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்.

படி 4: ஆட்டோ

இலங்கைப் பத்திரிகைகளில் இதை முச்சக்கரவண்டி என்று எழுதுவோம், பேச்சில் ஆட்டோதான். செயலி வழியாக அழைத்தால் கட்டணம் முன்னமே தெரிந்துவிடும். நேரில் ஏறுவதாக இருந்தாலும், முதலில் செயலியில் போகும் இடத்தைப் போட்டு விலையை மட்டும் பாருங்கள். பிறகு பேரம் பேசினால் நியாயமான தொகை எது என்று உங்களுக்குத் தெரியும். மீட்டர் உள்ள வண்டியென்றால், புறப்படும்போது அது புதிதாக ஓடத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் வந்து நின்றதும், "செயலியில் ரத்துச் செய்துவிடுங்கள், நேரில் தாருங்கள்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்துச் செய்த அந்த நொடியில் பயணத்துக்குப் பதிவும் இல்லை, நிர்ணயித்த விலையும் இல்லை. வேறு வண்டி அழையுங்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்கள் இந்த ஓட்டுநர்கள். பெரும்பாலானவர்கள் நேர்மையாக உழைக்கிறவர்கள். நியாயமான கட்டணத்துக்கு மேல் ஐம்பது ரூபாய் விருப்பத்துடன் கொடுப்பதில் தவறேயில்லை. ஏமாறிக் கொடுப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

படி 5: காலிமுகத்திடல் நண்பர்

கொழும்பின் மிகப் பழைய வித்தை இது. இன்றும் பலிக்கிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

கடற்கரையோரம் நடந்துகொண்டிருப்பீர்கள். நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். "என்னைத் தெரியவில்லையா? உங்கள் ஹோட்டல் சமையலறையில்தான் வேலை செய்கிறேன், இன்று விடுமுறை" என்பார். சற்று நேரம் ஊர்க்கதை. பிறகு, "நல்ல நாளில் வந்தீர்கள், கங்காராம விகாரையில் இன்று யானைத் திருவிழா, மதியத்தோடு முடிந்துவிடும்" என்பார். அந்தச் சமயம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நிற்கும். விகாரையைச் சுற்றிக் காட்டுவார்கள். அடுத்தது ஒரு மாணிக்கக் கடை. "அரசாங்கம் வரியைத் தள்ளுபடி செய்திருக்கிறது, இன்றுதான் கடைசி நாள்." திரும்பி வந்து இறங்கும்போது ஆட்டோவுக்குக் கேட்கும் தொகை உங்களைத் திகைக்க வைக்கும்.

இதை முறியடிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஹோட்டல் பெயரை நீங்களாகச் சொல்லாதீர்கள். "எந்த ஹோட்டல்?" என்று அவரிடமே கேளுங்கள். இரண்டாவது, கங்காராம விகாரையின் யானை ஊர்வலமான நவம் பெரஹெரா 1979 முதல் நடக்கிறது, அது பெப்ரவரி மாதப் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். ஜூலையிலோ அக்டோபரிலோ ஒருவர் அதைச் சொன்னால் உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மூன்றாவது, அவசரம். "இன்றுதான் கடைசி", "இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்ற சொற்கள் காதில் விழுந்தால் ஓர் இஞ்சித் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். உண்மையான விகாரை நாளைக்கும் பேர வாவிக் கரையிலேயே இருக்கும்.

விகாரையைப் பார்க்க ஆசை என்றால் தனியாகப் போங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, அதற்கு டிக்கெட் தருவார்கள். தேசிய அருங்காட்சியகத்திலும் சிகிரியாவிலும் உள்ளூரவரைவிட நீங்கள் அதிகம் கட்டுவது மோசடி அல்ல. அது அறிவிக்கப்பட்ட விலை. சில இடங்களில் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குச் சலுகை இருப்பதால் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

படி 6: மாணிக்கக்கல் வாங்குவதென்றால்

இரத்தினபுரி நீலக்கற்கள் உலகப் புகழ் பெற்றவை. வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "இங்கே வாங்கி உங்கள் ஊரில் மூன்று மடங்குக்கு விற்கலாம்" என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி லாபம் இருந்தால் அதை ஏற்றுமதி வியாபாரிகள் உங்களுக்கு விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

கடைக்காரர் கல்லால் கண்ணாடியைக் கீறிக் காட்டுவார், விளக்கொளியில் பிடித்துக் காட்டுவார். இவை எதையும் நிரூபிப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய செயற்கை நீலக்கல்லும் இயற்கை நீலக்கல்லும் ஒரே அலுமினியம் ஆக்சைடுதான். கடினம் ஒன்றே, பளபளப்பும் ஒன்றே. நுண்ணோக்கியில் உள்ளமைப்பைப் பார்க்கத் தெரிந்தவரால்தான் பிரித்தறிய முடியும். சூட்டில் வைத்து நிறம் ஏற்றிய கல்லா, இயல்பான நிறமா என்பதும் விலையைப் பெரிதும் மாற்றும்.

ஆகையால் இப்படிச் செய்யுங்கள். கல்லைத் தேர்ந்தெடுத்ததும், பணம் கட்டுவதற்கு முன், "தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துவிட்டு வாங்குகிறேன், கூட வருகிறீர்களா?" என்று கேளுங்கள். அதன் பரிசோதனைக்கூடம் கொழும்பிலேயே இருக்கிறது. நேர்மையான வியாபாரிக்கு இது புதிய கோரிக்கை அல்ல. கடை தானே அச்சிட்டுக் கொடுக்கும் சான்றிதழ் போதும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், வாங்காமல் வந்துவிடுங்கள்.

தங்க நகை என்றால் புறக்கோட்டைச் செட்டியார் தெருவுக்குப் போங்கள். கடைகள் அருகருகே இருப்பதால் அன்றைய பவுன் விலையை நாலு இடத்தில் கேட்கலாம். தரம், எடை, கூலி மூன்றும் தனித்தனியாக எழுதிய ரசீது வாங்குங்கள். அதே தெருவிலுள்ள கதிரேசன் கோவில்களைத் தரிசிக்க நுழைவுக் கட்டணம் கிடையாது.

படி 7: மற்றக் கடைகள், சாப்பாடு

தேயிலைப் பொதியில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். கைவினைப் பொருட்களுக்கு அரசு நிறுவனமான லக்சலவில் விலை ஒட்டியே இருக்கும். ஒன்றும் வாங்காவிட்டாலும் ஒருமுறை அங்கே விலைகளைப் பார்த்துவிட்டு மற்றக் கடைகளுக்குப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வெள்ளவத்தையில் பட்டுப்புடவை வாங்காதீர்கள், அதில் பெரும்பகுதி உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான். உள்ளூர்க் கைத்தறி வாங்குங்கள்.

கண்டிப் பக்கம் கார் பேசினால், "வாசனைத் திரவியத் தோட்டத்திலும் கடைகளிலும் நிறுத்த வேண்டாம்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். இலவசமாகச் சுற்றிக் காட்டிவிட்டு மூலிகை எண்ணெயைப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள்.

பெரிய உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வரியும் சேரலாம். அது சட்டப்படியானது, முன்பே கேட்டுக்கொண்டால் போதும்.

படி 8: உதவி கேட்பவர்கள்

"பணப்பை தொலைந்துவிட்டது, யாழ்ப்பாணம் போகக் காசில்லை, தமிழ் ஆள் என்றுதான் கேட்கிறேன்" என்று ஒருவர் வரலாம். உண்மையாகவும் இருக்கலாம். பணமாகக் கொடுக்காமல், "வாருங்கள், டிக்கெட் எடுத்துத் தருகிறேன்" என்று முகப்புக்கு அழையுங்கள். தேவை உள்ளவர் வருவார். குழந்தைக்குப் பால்மா கேட்டு ஒரு குறிப்பிட்ட கடைக்கே அழைத்துப் போவதும் உண்டு. வாங்கிக் கொடுத்த பால்மா சற்று நேரத்தில் அதே கடைக்குத் திரும்பிப் பணமாகிவிடும். வாங்கிக் கொடுக்க மனம் வந்தால் கடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள், பொதியைப் பிரித்துக் கொடுங்கள்.

படி 9: ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சுற்றுலா உதவி எண் 1912, பொலிஸ் அவசர எண் 119. ஆட்டோவில் ஏறும்போதே இலக்கத் தகட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் முறைப்பாடு எளிதாகும். கடை என்றால் ரசீது, பெயர்ப்பலகையின் படம், நேரம், அழைத்துப்போனவரின் அடையாளம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த அலுவலர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். விமானம் ஏறும் நாள்வரை தள்ளிப்போடாமல் அன்றோ மறுநாளோ போய்விடுங்கள். கையில் நாட்கள் இருந்தால்தான் கடைக்காரரை அழைத்து விசாரிக்கவும், பணத்தைத் திருப்பிக் கேட்கவும் நேரம் கிடைக்கும்.