80-ல் மட்டும் உதறிய ஜீப்

மழைக்கு மறுநாள் வயல் பாதையில் ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து என் ஜீப்பில் ஒரு நடுக்கம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் இல்லை. 80 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் உதறும். 95 தாண்டினால் அடங்கிவிடும்.

பார்த்தவர்கள் எல்லாம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்கச் சொன்னார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். ஒரு வேகத்தில் மட்டும் உதறினால் முதலில் சக்கரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். என் 245/75 ஆர்16 அளவு டயர் 80-ல் வினாடிக்கு சுமார் 9 முறை சுற்றுகிறது. அந்தத் தாளம் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் சிறு எடைக் கோளாறும் பெரிதாகத் தெரியும்.

காலியான நேர்சாலையில் 80-ல் நியூட்ரலுக்கு மாற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை, ஆக எஞ்சின் இல்லை. அப்புறம் முன் சக்கரங்களைப் பின்னால் மாட்டினேன். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துவிட்டது. சக்கரமேதான்.

ரிம்மின் உட்புறம் காய்ந்த சேறு அப்பிக் கிடந்தது. சுரண்டிக் கழுவியதும் முக்கால்வாசி சரியானது. மீதி நடுக்கம்தான் என்னைப் படுத்தியது, ஏனென்றால் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமா என்று பார்க்கும் பேலன்ஸிங் மெஷினில் எல்லாம் சரியாகவே காட்டியது. ஜாக்கியில் தூக்கி, டயர் அருகே சாக்பீஸை அசையாமல் பிடித்து, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு டயர் 3 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. சேற்றில் ஓட்டுவதற்காகக் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ வரை குறைத்திருந்தேன். அதில் டயரின் விளிம்பு ரிம்மில் நகர்ந்திருக்கிறது. பஞ்சர் கடையில் காற்றை முழுக்க இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, திரும்ப உட்கார வைத்தார்கள். மறுபடி பேலன்ஸிங். இப்போது 80-ல் ஸ்டீயரிங் அசைவதில்லை.